இடது கை

அழைப்பிதழில் போட்டிருந்தது:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் ஒரு மாலை.
தோட்ட விருந்து. அந்தக் காலத்து உடை கட்டாயம்.
கீழே சின்ன எழுத்தில், கார் நிறுத்த இடமுண்டு.

பீளமேட்டில் எங்கள் சாம்பிள் செக்‌ஷனுக்கு
அன்றைக்கே பஃப் கைப் பைத்தியம் பிடித்தது.
நவநீதா மேடத்துக்குப் புள்ளி போட்ட கவுன்,
அக்கவுண்ட்ஸ் பையனுக்குத் தோள்வார்.
எல்லாம் நான்தான் தைத்தேன்,
சாப்பாட்டு நேரத்தில்,
நூல் கணக்கில் வராமல்.

எனக்கென்று வந்தபோது
மில்லின் பழைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
விருந்துப் புல்வெளி
அந்த மில் நின்ற இடம்தான்.
முன்வரிசையில் நாற்காலி, கோட்டு, மாலை, ஆளுக்கொரு பெயர்.
கடைசி வரிசையில் 'ரீலிங் பிரிவு' என்று
இரண்டே சொல்லில் பதினேழு பெண்கள்.

இடமிருந்து ஆறாவது ஆள் கேமராவைப் பார்க்கவில்லை.
சங்கு வேறெங்கோ ஊதியதுபோல்
திரும்பி நிற்கிறாள்.
வலது கை தெரிகிறது.
முழங்கைக்கு இரண்டு விரற்கடை மேலே நின்றுவிடும் கை,
சுருக்கம் கிடையாது, ஓரத்தில் பட்டி.
நெஞ்சில் கொக்கி இருக்கவேண்டிய இடத்தில் ஊக்கு.
இடது கை
பக்கத்தில் நிற்பவளின் தோளுக்குப் பின்னால்.

"ஒரு கையப் பாத்தா இன்னொண்ணு தெரியாதுங்களா?
திருப்பிப் போட்டு வெட்டுங்க" என்றார்
கட்டிங் மாஸ்டர் மயில்சாமி.
துணிக்கு அது சரி.
பதினாலு வருசமாக என் இடது முழங்கைதான்
மேசையில் உரசி முதலில் நைகிறது.
அவளுக்கு எது நைந்ததோ.

சோமனூர் கோரா இரண்டு மீட்டர் வாங்கி
டீத்தூள் டிகாஷனில் ஒரு ராத்திரி முக்கினேன்,
பழசாகட்டும் என்று.
மொட்டைமாடியில் கணவாய்க் காற்று
அதைத் தூக்கிப் பக்கத்து வீட்டுச் சிண்டெக்ஸ் மேல் போட்டது.
ஏணி கேட்டு,
என்ன துணி என்ற கேள்விக்குப் பதில் சொல்லி,
எடுத்து வந்தேன்.

வலது கை அரைமணியில் முடிந்தது.
இடதில்தான் மூன்று நாள் போனது.
முழங்கையோரம் ஒரு ஒட்டுத் தைத்தேன்.
தைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இல்லாத கிழிசலை
பெயர் தெரியாத ஒருத்தி மேல் ஏற்ற
நான் யார்?
படம் பிடிக்கிற நாள்.
பெட்டியில் கிடந்ததில் நல்லதைத்தான் போட்டு வந்திருப்பாள்.
போச்சாது என்று ஊக்கைக் குத்தியிருக்க மாட்டாள்,
கொக்கி அன்று காலையில்தான் தெறித்திருக்கும்.

ஒட்டைப் பிரித்தேன்.
துருவேற உப்புத் தண்ணீரில் போட்டிருந்த ஊக்கை
எடுத்துத் துடைத்தேன்.
அவளுக்கு அறுபத்தொன்று பழசில்லை,
அது அந்த வாரத்துச் செவ்வாயோ புதனோ.
டீயை மட்டும்
திரும்ப எடுக்க முடியவில்லை.
பிரித்த இடத்தில் வரிசையாக ஊசித்துளைகள்.

பொழுதோட போனோம்.
மரத்துக்கு மரம் பல்பு.
நுழைவாசலில் அதே படம், ப்ளெக்ஸில், பனையுயரம்.
பின்வரிசை முகங்களின் மேல்
விருந்து மாளிகையின் பெயர் ஓடுகிறது.
ஆறாவது ஆள் நிற்குமிடத்தில் ஒரு 'ளி'.

"இது என்ன வேசம்?" என்றார் மேடம்.
"ரீலிங்" என்றேன்.
ஏதோ டான்ஸ் என்று நினைத்துத் தலையாட்டினார்.
அவர் கவுன் அழகாக விழுந்திருந்தது,
அதையும் சொல்லவேண்டும்.
இடுப்புச் சுருக்கில் என் கை தெரிந்தது எனக்கு.

எல்லோரும் ஒட்டுக்கா நின்றோம், படத்துக்கு.
நான் பின்னால்.
தோள்வார்ப் பையனின் தோள்
என் இடப்பக்கத்தை மறைத்தது.
நகரச் சொல்ல வாயெடுத்தேன்,
அதற்குள் பளிச்சென்றது.

வேர்வையில் ரவிக்கை நனைந்து
டீ மணக்கத் தொடங்கியது.
யாரோ ஒருவர், கழுத்தில் டை, கையில் காலித்தட்டு,
மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து கேட்டார்:
"ஏனுங்க, இங்க டீ எந்தப் பக்கம்ங்க தர்றாங்க?"